தாயின் இரத்தத்தையும் கேட்க வேண்டும்

ஜூன் 3, தருமபுரி

பென்னாகரம் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணின் குழந்தைக்கு இன்று டி.எஸ்.எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் இது ஏறும்) 64 என்று வந்தது. பிறந்த அரை மணி நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் இந்த அளவு 60, 80 வரை ஏறி, பிறகு ஓரிரு நாளில் இறங்கிவிடும் என்பதால்தான் 48 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறோம். இக்குழந்தை பிறந்து மூன்றாம் நாள் ஆகிறது. ஆகவே பிறந்த நேரத்து ஏற்றம் என்று இதை ஒதுக்க முடியாது. தாய்க்குத் தைராய்டு உண்டா என்ற விவரம் கேஸ் ஷீட்டில் இல்லை. நேரில் கேட்டேன். "கல்யாணத்துக்கு முந்தியிருந்தே மாத்திரை சாப்புடறேங்க மேடம்" என்றார். குழந்தையின் முடிவைப் படிக்க இவ்விவரம் இன்றியமையாதது.

ஜூன் 4

நரம்பில் எடுத்த இரத்தத்திலும் டி.எஸ்.எச் அதிகம், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைவு. டி4 சரியாக இருந்திருந்தால் வேறொரு ஐயம் எழுந்திருக்கும். சில தாய்மாரின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) டி.எஸ்.எச்சையே பற்றிக்கொண்டு, உடலில் வேலை செய்யாத பெரிய கூட்டாகக் குழந்தையின் இரத்தத்தில் தங்கிவிடும். கருவியோ அதையும் சேர்த்து அளந்து பொய்யான உயர்வைக் காட்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து அக்கூட்டைப் படியச் செய்து, மேலே நிற்கும் தெளிவை அளந்தால் குட்டு வெளிப்படும். இங்கே டி4 குறைந்திருப்பதால் குறைபாடு மெய்யானது. அதற்கும் தாயின் எதிர்ப்பொருள் காரணமாகலாம்: நஞ்சுக்கொடி வழியே வரும் ஐ.ஜி.ஜி வகை எதிர்ப்பொருள் ஒன்று, குழந்தையின் தைராய்டில் டி.எஸ்.எச் வந்து பற்றும் இடமான ஏற்பியை அடைத்துவிடும். தைராய்டின் ஒரு நொதியை எதிர்க்கும் டி.பி.ஓ எதிர்ப்பொருளும் நஞ்சுக்கொடியைக் கடக்கும் என்றாலும், பொதுவாக அது குழந்தையின் சுரப்பியை முடக்குவதில்லை. எனவே ஏற்பி எதிர்ப்பொருளைத் தனியாகப் பார்க்க, தாயின் இரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பினோம். அம்முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் இன்றே டி4-ஐ ஈடுசெய்யும் லெவோதைராக்சின் மாத்திரையைத் தொடங்கிவிட்டார். அதுதான் சரி.

ஜூன் 12

தாய்க்கு ஏற்பி எதிர்ப்பொருள் மிக அதிகம். "தாய்ப்பாலை நிறுத்தணுமாங்க?" என்று மாமியார் கவலையோடு கேட்டார். வேண்டியதில்லை, மாத்திரையைப் பொடித்துச் சிறிது தாய்ப்பாலில் கலந்து பாலாடையில் கொடுக்கலாம். தானாகத் தீரும் நோய்க்கு மருந்து ஏன் என்றும் கேட்டார். இந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து மூன்று முதல் ஆறு மாதத்தில் மறையும். ஆனால் தைராய்டு ஹார்மோனை நம்பிக் குழந்தையின் மூளை வேகமாக வளரும் மாதங்களும் அவையே.

அக்டோபர் 8

குழந்தையின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இப்போது இல்லை. மருத்துவர் மேற்பார்வையில் மருந்தின் அளவைக் குறைத்த பிறகும் டி.எஸ்.எச் சீராக நிற்கிறது. தாயின் உடலில் எதிர்ப்பொருள் இன்னும் இருப்பதால், அடுத்த கர்ப்பத்தின்போது முதல் வருகையிலேயே சொல்லும்படி அவருடைய குறிப்பேட்டின் முன்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.