சென்ட்ரலில் இறங்கி பார்க்கில் ஏறுவது

திருவள்ளூர் லோக்கலில் வந்து இறங்கியவர் தாம்பரம் வண்டியை சென்னை சென்ட்ரலுக்குள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து எதிரே உள்ள பார்க் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இப்படி அலைய வைப்பது பழைய தண்டவாள அகலம்.

1873-இல் கட்டப்பட்ட சென்ட்ரல், அகலப்பாதை வண்டிகளுக்கான நிலையம். தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர். சாலைக்குத் தெற்கே ஓடியது தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். கம்பெனியும் வேறு, பாதையும் வேறு. 1931-இல் பீச் (சென்னைக் கடற்கரை நிலையம்)–தாம்பரம் மின்சார ரயில் வந்தது அந்தக் குறுகிய பாதையில்தான். இந்தியாவில் மீட்டர் கேஜில் மின்சார வண்டி முதலில் ஓடியதும் இங்கேதான். 1951-இல் தெற்கு ரயில்வே உருவாகி இரண்டும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்த பிறகும், பீச்–தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் 2004 வரை நீடித்தது. இன்று இரு பக்கமும் ஒரே அகலம்தான். ஆனாலும் சாலையைக் கடந்துதான் வண்டி மாற வேண்டியிருக்கிறது.

அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கல்கள் நிற்பது சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில். 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடும். மின்சார வண்டிக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு என்பதால், வந்த வண்டி அப்படியே திரும்பிவிடும். வெளிவாசல் நடைமேடையின் முனையில் இருக்கிறது. ஆகவே ஏறும்போதே முன்பெட்டியில் ஏறிவிடுங்கள். கடைசிப் பெட்டியில் வந்தால் பன்னிரண்டு பெட்டி நீளத்தையும் கூட்டத்தோடு நடந்து கடக்க வேண்டும்.

சாலையைச் சுரங்கப்பாதையிலேயே கடந்துவிடுங்கள். புறநகர் டிக்கெட்டைப் புறப்படும் இடத்திலேயே தாம்பரம் வரைக்கும் சேர்த்து எடுத்துவிட்டால், பார்க்கில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம். மெட்ரோவுக்கு மட்டும் இந்த டிக்கெட் செல்லாது.

பார்க்கில் அதிகம் நேரும் தவறு, எதிர்த்திசை வண்டியில் ஏறிவிடுவது. அடுத்த நிறுத்தம் எழும்பூர் என்றால் தாம்பரம் பக்கம், கோட்டை என்றால் பீச் பக்கம். மாறி ஏறிவிட்டால் கோட்டையில் இறங்கித் திரும்பலாம். பீச் வரை போக வேண்டியதில்லை.

மயிலாப்பூர், வேளச்சேரி போகிறவர்களுக்கு பார்க் டவுன். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இது உயர்த்திக் கட்டிய பாதையில் ஓடும் பறக்கும் ரயில் தடத்தின் நிலையம். பார்க்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று: ஆவடி, திருவள்ளூர் பக்கத்து லோக்கல்கள் எல்லாமே சென்ட்ரலுக்கு வருவதில்லை. சில வண்டிகள் வியாசர்பாடி ஜீவாவைத் தாண்டிப் பிரிந்து, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாக பீச் போகின்றன. தாம்பரம் போகிறவருக்கு அது நல்ல வழி. சாலை கடக்கும் வேலையே இல்லை. பீச்சில் நடைமேடை மாறினால் போதும், வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடமும் கிடைக்கும்.