முதல் வகுப்புக்கு முன் நாங்கள் போட்ட கணக்கு

மகளை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டிய ஆண்டு நெருங்கியபோது, என்னையும் என் மனைவியையும் தவிர வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. "கடன்பட்டாவது நல்ல பள்ளியில் போடு" என்றார் அம்மா. நல்ல பள்ளி என்றால் கட்டணம் வாங்கும் பள்ளி என்பது அதில் அடக்கம். நாங்கள் இருவருமே அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அந்தச் சாட்சி எடுபடவில்லை. "அந்தக் காலம் வேறு" என்று தள்ளிவிட்டார்கள்.

முதல் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்துத்தான் பலரும் "சமாளித்துவிடலாம்" என்று முடிவெடுக்கிறார்கள். நான் 12 ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். கட்டணம் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால் ஏழெட்டு ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடுகிறது. 12 ஆண்டுகளையும் கூட்டினால் மொத்தத் தொகை முதல் ஆண்டுக் கட்டணத்தைப் போல் 21 மடங்கைத் தாண்டுகிறது. இதில் வாகனம், சீருடை, புத்தகம், சுற்றுலா, ஆண்டு விழா உடை எதுவும் சேரவில்லை. ஒரு பள்ளியின் அலுவலகத்தில் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் சின்னச் சின்னச் செலவு சார்" என்று சிரித்தார்கள். எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்த தாளில் அந்தச் சின்னச் செலவுகள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தன.

சரி, செலவு தெரிந்துவிட்டது. அதற்கு என்ன கிடைக்கிறது? தனியார் பள்ளிப் பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பதை யாரும் மறுப்பதில்லை. அது பள்ளியால் வந்ததா, வீட்டால் வந்ததா என்பதுதான் வழக்கு. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் 15 வயது வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. பியான்டா, அன்சாரி என்ற இருவர் செய்தது. தனியார் பள்ளியில் படித்தவர்கள் முன்னணியில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்ததும் அந்த முன்னணி ஏறக்குறைய மறைந்துபோனது.

ஆந்திராவில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. குலுக்கல் முறையில் ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தை ஏற்றுத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நான்கு ஆண்டு கழித்துத் தெலுங்கிலும் கணிதத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இந்தியில் மட்டும் தேறியிருந்தார்கள். ஆனால் அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவிட்டது அரசு செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தனியார் ஆதரவாளர்களும் அரசுப் பள்ளி ஆதரவாளர்களும் ஒரே ஆய்வைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துப் பேசலாம், பேசவும் செய்கிறார்கள்.

இதைப் படித்ததும் "எந்த வகைப் பள்ளி" என்ற கேள்வியை விட்டுவிட்டோம். எட்டும் தூரத்தில் இருந்த பள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

சுற்றிக் காட்டும்போது எல்லாரும் கட்டடத்தைத்தான் காட்டுகிறார்கள். நீச்சல் குளம், தொடுதிரைப் பலகை, குளிரூட்டிய வகுப்பறை. நாங்கள் கேட்டது மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள். பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டினால் போதும் என்றோம். மிகப் பெரிய பள்ளியில் தயங்கித் தயங்கி எடுத்து வந்தார்கள். முத்து முத்தான கையெழுத்து. எந்த நோட்டைப் பிரித்தாலும் அதே விடை, அதே வரிசை, அடித்தல் திருத்தல் இல்லை. பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதியது என்பது தெரிந்தது. ஒரு நோட்டில் 8 × 7 = 54 என்று இருந்தது. அதற்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு அருகிலிருந்த அரசுப் பள்ளியில் ஆசிரியை அலமாரியைத் திறந்து நோட்டுக் கட்டு ஒன்றையே எங்கள் முன் வைத்துவிட்டார். ஒரு பையன் கழித்தலில் தவறியிருந்தான். கீழே அவர் எழுதியிருந்தார்: "பத்து கடன் வாங்கினாய், கொடுத்த இடத்தில் குறைக்கவில்லை. மறுபடி போடு." அடுத்த வரியில் பையன் சரியாகப் போட்டிருந்தான். அரசுப் பள்ளி எல்லாம் இப்படி என்று சொல்ல வரவில்லை. இன்னொரு அரசுப் பள்ளியில் நோட்டுகளைத் திருத்திப் பல வாரங்கள் ஆகியிருந்தன. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

ஆசிரியர்களிடம் சம்பளம் கேட்க முடியாது. "இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். பாதிப் பேர் சென்ற ஆண்டு வந்தவர்கள் என்றால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. வாசலில் தொங்கும் நூறு சதவீதத் தேர்ச்சிப் பதாகைக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தேன்: ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பொதுத்தேர்வு எழுதினார்கள்? தேறாதவர்களை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டால் யார் வேண்டுமானாலும் நூறு வாங்கலாம். இரண்டு எண்களையும் தயங்காமல் சொன்ன பள்ளி ஒன்றுதான்.

அதே சமயத்தில் என் அக்காவும் பள்ளி தேடிக்கொண்டிருந்தாள். அவள் மகனுக்குக் காது சரியாகக் கேட்காது. ஒரு சிறு தனியார் பள்ளியில் வகுப்புக்குப் பதினைந்து பேர். சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரும் முழு நேரமாக இருந்தார். அக்கா நகையை வைத்துக் கட்டணம் கட்டினாள். அவள் செய்தது சரி என்றுதான் அன்றும் இன்றும் நினைக்கிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய பெரிய சோதனை ஒன்றில், 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்பில் இருந்த தொடக்கநிலைப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நீச்சல் குளத்துக்கு அப்படி ஒரு சான்றும் என் கண்ணில் படவில்லை.

நோட்டுக் கட்டை எங்கள் முன் எடுத்து வைத்த அந்த ஆசிரியையின் பள்ளியில் மகளைச் சேர்த்தோம். சேர்க்கை படிவம், பிறப்புச் சான்று, முகவரிச் சான்று. அரை மணி நேர வேலை. உறவினர்கள் கொஞ்ச நாள் எங்களைக் கஞ்சர்கள் என்றார்கள்.

குறைகள் உண்டு. வகுப்பில் கூட்டம் அதிகம். ஆங்கிலம் வாசிக்கிறாள், பேசக் கூச்சப்படுகிறாள். அதை மாலையில் நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். கட்டணம் மிச்சம் என்று சொல்பவர்கள் இந்த மாலை நேரத்தை விலை போடுவதில்லை. இரவு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது கிடைக்காது. அவர்கள் வேறு முடிவெடுத்தால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லிப் பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து மனு எழுத வேண்டியிருந்தது. அந்த மனுவுக்குப் பிறகு பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

கட்டியிருக்க வேண்டிய பணத்தில் பாதியை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுகிறோம். மற்ற பாதியில் கதைப் புத்தகங்கள் வாங்குகிறோம், அவள் அடம்பிடித்துச் சேர்ந்த மிருதங்க வகுப்புக்கும் கட்டுகிறோம். ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாற வேண்டும். அப்போது ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லி, குடுவைகளில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்ப்பதாக உத்தேசம். பயன்படுத்தும் ஆய்வகம் கட்டணப் பள்ளியில்தான் இருக்கிறது என்றால் தனிக் கணக்கை உடைத்துக் கட்டிவிடுவோம்.