மீன் தலையில் இருக்கும் நான்கு துளைகள்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தலைக் கறிக்கு மீன் தலை வாங்குகிறவர்கள் கண்ணைப் பார்ப்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டாக இருக்கும் துளைகளை யாரும் கவனிப்பதில்லை. கொடுவா மீனில் அவை வெறுங்கண்ணுக்கே தெரியும். மூச்சுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. தொண்டைக்கு வழியும் கிடையாது. முன் துளையில் புகும் தண்ணீர் பின் துளை வழியாக வெளியேறுகிறது. மோப்பம் பிடிப்பது இடையில் உள்ள பை.

அதைத் திறந்து பார்க்கலாம். இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தோலைக் கூர்முனைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். கத்தரிக்கோலின் நுனி மேல்நோக்கியே இருக்கட்டும். கீழே இறங்கினால் உள்ளே எல்லாம் நசுங்கிவிடும். சளியை ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த நீரில் அலசுங்கள். வெறும் குழாய்த் தண்ணீரில் திசுவின் உயிரணுக்கள் ஊதிப்போகும். அலசிய பிறகும் அந்த உப்பு நீரிலேயே மூழ்கியிருக்க விட்டால்தான் மடிப்புகள் பிரிந்து நிற்கும். வெளியே எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் சதைத் துண்டாகத் தெரியும். நடுவில் ஒரு வரப்பு, அதிலிருந்து இரு பக்கமும் இதழ் இதழாக மடிப்புகள். இதைத்தான் ரோசெட் என்பார்கள். மீன் வளர வளர இதழ்களும் கூடும்.

பனிக்கட்டியில் கிடந்த மீனில் இதழ்களைப் பார்க்கலாம், அணுக்களைப் பார்க்க முடியாது. இந்தத் திசு அவ்வளவு சீக்கிரம் சிதைந்துவிடும். மைக்ரோஸ்கோப்புக்கு என்றால் மீன் இறந்த உடனே, திசு சிதையாமல் காக்கும் ஃபார்மலினில் போட வேண்டும்.

அணுக்களில் முக்கியமானவை மூன்று. சிலியா, அதாவது மயிர் போன்ற நுண்ணிய இழைகள், உள்ள நரம்பணுவின் உடல் ஆழத்தில் இருக்கும். நீண்ட கிளை ஒன்றை மேலே நீட்டி, பெரும்பாலும் பித்த அமிலங்களை உணரும். மைக்ரோவில்லை, அதாவது விரல் போன்ற குட்டையான நுண் நீட்சிகள், உள்ள நரம்பணு சற்று மேலே இருக்கும். இரையிலிருந்து கசியும் அமினோ அமிலங்களை உணர்வதில் அதன் பங்கு பெரிது. மூன்றாவது கிரிப்ட் அணு, மேற்பரப்பை ஒட்டி முட்டை வடிவில், தலையில் ஒரு குழியோடு இருக்கும். சிலியா, மைக்ரோவில்லை இரண்டும் அதற்கு உண்டு. பாலூட்டிகளில் இப்படி ஓர் அணு கிடையாது. மீனின் மூக்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இவற்றைத் தாங்கி நிற்கும் அணுக்களும், அடியில் புது நரம்பணுக்களைப் பிறப்பிக்கும் அடித்தள அணுக்களும் உண்டு.

கெளுத்தியின் மீசையைப் பலர் மூக்கு என்று நினைக்கிறார்கள். அதில் இருப்பவை சுவை மொட்டுகள். கெளுத்தியின் முகர்வுக் குமிழ், அதாவது மூக்கின் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதி, ரோசெட்டை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து நீண்ட நரம்புத் தடம் மூளையின் மற்ற பகுதிக்கு ஓடும். சால்மனில் குமிழ் மூளையின் மற்ற பகுதியோடு ஒட்டியிருக்கும்.

நரம்பணுக்கள் நேரடியாகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் செம்பு அவற்றை எளிதில் தாக்கும். கோஹோ சால்மனில் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கூடினாலே மோப்பம் மங்குகிறது. தொட்டியில் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றுகிறவர்கள் துளிக் கணக்கை நம்பாமல் சோதனைக் கருவியால் அளந்து பார்க்க வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் போல் கால்சியம் போன்ற தாது உப்புகள் குறைந்த மென்னீரில் செம்பின் நச்சு இன்னும் கடுமை. மருந்துக்குப் பிறகு மீன் தீனியைத் தேடி வராவிட்டால் தீனியின் பிராண்டை மாற்றாதீர்கள். தண்ணீரை மாற்றி, வடிகட்டிக்கான ஆக்டிவேட்டட் கரியால் செம்பை வடித்து, அடித்தள அணுக்கள் புது நரம்பணுக்களை உருவாக்கும் வரை சில வாரம் பொறுத்திருங்கள்.