பதிவேட்டில் ஒரு வரி

"இதை ரெக்கார்டில் எழுதாதீங்க சிஸ்டர்" என்று அவர் கேட்டார். "எழுதாம இருக்க முடியாதுண்ணா" என்றேன். பேச்சு அவ்வளவுதான். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்னும் என்னை விடவில்லை: "அப்ப இனிமே யாரும் உங்ககிட்ட உண்மையைச் சொல்ல மாட்டாங்க."

நான் நர்ஸாக இருக்கும் பேட்டரி தொழிற்சாலையில், ஈயத்தை உருக்கி வார்க்கும் காஸ்டிங் பிரிவில் எல்லோருக்குமே ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் இருக்கும். அவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் மற்றவர்களைவிட மிக அதிகம். அதே ஷிப்ட், அதே இயந்திரம், மாஸ்க்கைக் கழற்றாமல் போட்டிருக்கும் ஆள். பழைய ஆள், எலும்பில் தங்கியது இறங்குகிறது என்றார் டாக்டர். அதுவும் நடக்கிற காரியம்தான். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். எலும்பில் சேர்ந்தது பல வருடங்கள் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பும். ஆனால் அவரோடு வேலைக்குச் சேர்ந்த இன்னொருவருக்கு அப்படி இல்லையே என்று எனக்கு ஓர் அரிப்பு. அதனால்தான் கேட்டேன், வீட்டில் பெயின்ட், பேட்டரி என்று ஏதாவது வேலை செய்கிறீர்களா என்று.

"வேலைன்னு ஒண்ணுமில்ல சிஸ்டர். தூண்டிலுக்கு ஈயக்குண்டு ஊத்துவேன், லீவு நாள்ல."

அவர் அதை மறைக்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. பழைய குழாய்த் துண்டுகள், டயர் கடையில் கழித்துப்போடும் சக்கர எடைகள், இவற்றை ஒரு பழைய வாணலியில் போட்டு அடுப்பில் உருக்குவாராம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; சமையல் அடுப்பே போதும். ஒவ்வொரு துண்டையும் முதலில் வெயிலில் காயவைப்பேன் என்று அக்கறையாகச் சொன்னார். ஈரமாக ஒரு துண்டு உள்ளே போனால் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் வாரி அடித்துவிடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஜன்னலையும் திறந்து வைப்பார். அப்புறம், மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் வழித்து ஒரு தகர டப்பாவில் தட்டுவார். குண்டுகள் ஆறியதும் தரையில் உட்கார்ந்து பிசிறை அரம் வைத்துத் தேய்ப்பார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பெரியது சிறியது என்று பிரித்து வைப்பாள்.

இதைக் கேட்டபோது என் கை எழுதுவதை நிறுத்திவிட்டது. அவர் பயந்தது கொதிப்புக்கும் புகைக்கும். உருகுநிலையை ஒட்டிச் சூடாக்கும்வரை ஈயத்திலிருந்து எழும் ஆவி குறைவு. அளவுக்கு மீறிக் காய்ச்சினால்தான் அது கூடும். ஆனால் அந்தக் கசடு பெரும்பாலும் ஈய ஆக்சைடு. தட்டும்போது பறக்கும் மெல்லிய தூள், அரம் போடும்போது உதிரும் பொடி, இரண்டும் தரையில், துணியில், நகத்தடியில் தங்கிவிடும். விளக்குமாற்றால் கூட்டினால் மறுபடியும் காற்றில் எழும். குழந்தையின் கை வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல 4 முதல் 5 மடங்குவரை சிறு குழந்தைகள் உறிஞ்சிக்கொள்வார்கள். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை என்றால் இன்னும் மோசம்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உருக்குவதையே விட்டுவிடச் சொன்னேன். டப்பாவை மூடி அப்புறப்படுத்தவும், தரையை ஈரத்துணியால் துடைக்கவும், அன்று போட்ட துணியைத் தனியாகத் துவைக்கவும் சொன்னேன். மகளுக்கு உடனே ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதன் பிறகுதான் எழுதாதீங்க என்றார்.

காரணம் கேட்டேன். "ஈயம் செய்ற கம்பெனியில வேலை. வீட்ல ஈயம் உருக்குறேன்னு எழுதினா என்ன நினைப்பாங்க? திருடினேன்னுதானே?"

அது எனக்கு உறைக்காமல் இல்லை. ஆனாலும் எழுதினேன். ஏன் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணம் தெரியாமல் டாக்டர் அந்தக் குழந்தைக்குப் பரிசோதனை எழுத மாட்டார். ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராம் (ஒரு டெசிலிட்டருக்கு) அல்லது அதற்குமேல் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டியிருக்கிறது. கண்டுபிடித்ததை எழுதாமல் வைத்துக்கொண்டால், எனக்குப் பின்னால் வருகிற நர்ஸ் அதே எண்ணைப் பார்த்து அதே மாஸ்க்கைத்தான் சந்தேகிப்பார். இந்தக் காரணங்கள் இன்றைக்கும் சரியாகத்தான் படுகின்றன.

ஆனால் பதிவேடு என் அறையோடு நிற்கவில்லை. அந்த நாட்களில் காஸ்டிங் பிரிவு ஆட்கள் எக்ஸாஸ்ட் புகையைச் சரியாக இழுக்கவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்கள். அவர்கள் காட்டிய ஆதாரங்களில் பெரியது இவருடைய எண்தான். நிர்வாகம் என் வரியை எடுத்துக் காட்டியது: 'வீட்டிலும் ஈயம் உருக்குகிறார்.' 'வீட்டிலும்' என்றுதான் எழுதியிருந்தேன். கூட்டத்தில் அது 'வீட்டில்' ஆகிவிட்டது. ரத்தத்தில் கலந்த ஈயம் தொழிற்சாலையில் எவ்வளவு, வீட்டில் எவ்வளவு என்று எங்கள் பரிசோதனை பிரித்துச் சொல்லாது. அதை எழுந்து சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். புகார் தள்ளிப்போனது. அவரிடமும் ஈயம் எங்கிருந்து கிடைத்தது என்று விசாரித்தார்கள். ஒன்றும் நிரூபணமாகவில்லை, ஆனால் விசாரித்தார்கள் என்பதே பிரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் 11 மைக்ரோகிராம் இருந்தது. உருக்குவது நின்ற பிறகு இறங்கியது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அந்த நேரத்தில் நான் செய்தது முழுக்கச் சரி என்று தோன்றியது. பதிவேட்டில் எழுதாமல், வெளியே ஒரு குழந்தை மருத்துவருக்குத் தனிக் கடிதம் கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாமே என்பது அப்புறம், வேறொரு இரவில் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் அவர் போயிருப்பாரா? லீவு போட்டு, தன் செலவில், உடம்புக்கு ஒன்றும் இல்லாதது போல விளையாடும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு? போயிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். போயிருப்பார் என்று நினைக்கிற நாட்களும் உண்டு.

அவருடைய எண்ணும் இறங்கியது. ஆனால் மற்றவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்து நின்றுவிட்டது, அதற்குக் கீழே போகவில்லை. அந்த இடமும் நல்ல இடம் இல்லை. அதைப் படமாக வரைந்து நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்; வீட்டுக் காரணம் நீங்கிய பிறகும் மிச்சம் இருப்பது எதைக் காட்டுகிறது என்று கேட்டிருக்கிறேன். என் வரி காஸ்டிங் பிரிவு ஆட்களுக்கு எதிராகப் போனது உண்மை என்றால், அதே வரி இப்போது அவர்களுக்கு உதவவும் கூடும். இப்படி நினைப்பது என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தானோ என்னவோ.

இப்போதெல்லாம் ரத்தம் எடுக்கும் முன்பே எல்லோரிடமும் கேட்கிறேன்: வீட்டில் ஈயம் உருக்குவது, பழைய பேட்டரி உடைப்பது, பெயின்ட் சுரண்டுவது ஏதாவது உண்டா? பதில் சொன்னால் எழுதுவேன், யார் யார் அதைப் பார்ப்பார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் ஒருவரைப் பேசவைத்து எழுதக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்படிக் கேட்க ஆரம்பித்ததிலிருந்து எல்லோரும் 'இல்லை' என்கிறார்கள்.