கான் வெட்டிய தை மாதம்

2025 ஜனவரி 4, சனி

மழை விட்டு மூன்று வாரம் ஆன பிறகு இன்றுதான் சைக்கிளை வெளியே எடுத்தேன். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஆடியில் கொட்டித் தீர்க்கும்போது கோத்தகிரிக்குச் சாரல்தான் வரும். எங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழைக்காலம். அந்த இரண்டு மாதமும் மண் பாதையில் சைக்கிள் ஓட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஈர மண்ணில் டயர் போட்ட கோடு காய்ந்தால் அப்படியே நின்றுவிடும்.

அரவேணுவுக்குக் கீழே, தோட்டத்துக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதை. தோட்டக்காரரிடம் மூன்று வருடம் முன்பே அனுமதி வாங்கியது. மேலே சில்வர் ஓக் நிழல், நடுவில் தேயிலை, அடியில் ஓடை. ஓடைத் தண்ணீர் கல்லாற்றில் இறங்கி மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேரும். மொத்தம் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்த பாதை இந்த மலையில் இல்லை.

இரண்டாவது வளைவு தாண்டியதும் பிரேக் பிடித்து நின்றுவிட்டேன். பாதை நடுவில் பள்ளம். கையை விட்டால் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை போகிறது. இருபத்திரண்டு எட்டு நீளம். அடியில் செம்மண் போய் வெள்ளைக் கல் தெரிகிறது. ஒரு ஓரத்தில் தேயிலைச் செடி ஒன்றின் வேர் காற்றில் தொங்குகிறது.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

அண்ணன் மகனையும் கூட்டிப்போனேன். கோவையில் சிவில் படிக்கிறான். "சித்தப்பா, இது மழை செஞ்ச வேலை மட்டும் இல்ல, மேல பாருங்க" என்றான்.

பள்ளம் தொடங்கும் இடத்துக்கு மேலே பத்தடி தூரத்துக்குப் பாதை நேராகச் சரிகிறது. அங்கேதான் வேகம் கூடும். வளைவைப் பார்த்ததும் எல்லாரும் பின் பிரேக்கை இறுக்குவோம். சக்கரம் பூட்டி, உருளாமல் மண்ணைச் சுரண்டிக்கொண்டே வழுக்கும். அந்தச் சுரண்டல்தான் முதல் கோடு. போன புரட்டாசியில் கீழ்நாட்டிலிருந்து வந்த நண்பர்கள் எட்டுப் பேரை ஒரே நாளில் இந்த வழியில் இறக்கியது நான்தான். மழை அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டது.

காலையில் இலை எடுக்கப் போகும் அக்கா ஒருவர் பள்ளத்தைத் தாண்ட வழியில்லாமல் செடிக்குள் ஒதுங்கி நடந்தார். மாலையில் இலை மூட்டை தலையில் இருக்கும்போது எப்படி ஏறுவார் என்று கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

ஜனவரி 8, புதன்

மலைச் சைக்கிள் என்ற விளையாட்டு பிறந்ததே பிரேக்கோடு மல்லுக்கட்டித்தான். 1976இல் கலிபோர்னியாவில், மரின் கவுன்டி என்ற இடத்தில், பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் மலைச்சாலையில் போட்டி வைத்தது. மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் நானூறு மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி கிரீஸ் நிரப்பினால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

அது காட்டுத் தீயை அணைக்க வண்டி போகும் அகலச் சாலை. நம்முடையது மனிதர் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடி. இங்கே வழுக்கினால் வழுக்கியது பாதையில் நிற்கும்.

ராத்திரி பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தேன். பின்பக்கத்தது தேய்ந்து தகடு தெரிகிறது. முன்பக்கத்தது பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. இருக்க வேண்டியதற்கு நேர் தலைகீழ். இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் பலம் முன் சக்கரத்தில்தான் அதிகம். முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சின்ன வயதில் பிடித்த பயம் இன்னும் விரலில் இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

தோட்டத்தில் கண்காணியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறார். எழுபதுகளில், இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அங்கே ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பள்ளத்தைக் காட்டக் கூட்டிப்போனேன். மேலிருந்து கீழே வரை ஒன்றும் பேசாமல் நடந்தார். பிறகு மேலே ஏறி வந்து குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

"இங்க ஒரு கான் இருந்திச்சு தம்பி. யாரோ மூடிட்டாங்க."

கான் என்றால் வடிகால். இலங்கைத் தோட்டத்துப் பேச்சு. அவர் கிழித்த கோடு பாதைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்ந்து, கீழ்ப்பக்கத் தேயிலை வரிசைக்குள் போய் முடிந்தது. குச்சியால் குத்திப் பார்த்தபோது மண்ணுக்கு அடியில் அடுக்கிய கல் தட்டுப்பட்டது. பழைய வேலைதான். மேலே நிரவிய மண்ணை யார் போட்டது என்று எனக்குத் தெரியும். சைக்கிள் குலுங்காமல் போகட்டும் என்று இரண்டு வருடம் முன்பு நானும் அண்ணன் மகனும் சேர்ந்து போட்டது. அவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "கான் வெட்டாத பாதையில தண்ணி தன் கானைத் தானே வெட்டிக்கும். வெட்டிருச்சு, அவ்வளவுதான். பொங்கல் முடிஞ்சு மண்வெட்டி கொண்டாங்க" என்றார்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். அண்ணன் மகன், அவன் நண்பன் ஒருவன், நான், பெரியவர். இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, கல் சுமக்க இரும்புச் சட்டி இரண்டு.

உலகம் முழுக்க மலைச் சைக்கிள் பாதை போடுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் தண்ணீருக்குப் பாதையை விட்டு வெளியேறத் தோன்றாது, பாதையோடே ஓடும். இன்னொன்று, மொத்தத்தில் சராசரிச் சரிவு பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அண்ணன் மகன் போனில் சாய்வு பார்த்தான். மலைச்சரிவு அந்த இடத்தில் முப்பது சதவீதம், பாதை இருபத்திரண்டு. பதினைந்துக்குள் இருந்திருக்க வேண்டும்.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "கண்ணால பாத்தாலே தெரியுதே" என்றார்.

பாதையை மாற்றிப்போட முடியாது, அது நடக்கிறவர்களின் பாதை. அதனால் தண்ணீரை அடிக்கடி இறக்கிவிட வேண்டும். பத்தெட்டுக்கு ஒன்றாக நான்கு கான். வெறும் குறுக்குப் பள்ளமாக வெட்டினால் மூட்டையோடு வருகிறவர் கால் இடறும், சக்கரமும் மோதும். அதனால் பாதையே மெல்ல இறங்கி மெல்ல ஏறுகிற மாதிரி, கட்டில் நீளத்துக்கு ஒரு குழிவு. குழிவின் அடியில் வெளிப்பக்கம் தாழ்வாக ஒரு வாய். வாயில் கல் பதித்தோம், இல்லாவிட்டால் அடுத்த மழையில் வாயே அரித்துப்போகும்.

கல் பதிப்பதில் பெரியவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டையான பக்கத்தை மேலே வைப்பார் என்று நினைத்தேன். நீளக் கல்லை நட்டுக்குத்தாக, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி இறக்கி, பக்கத்துக் கல்லோடு தோள் உரசவைத்து, இடுக்கில் சில்லுக்கல் திணித்தார். காலால் மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

மத்தியானம் வீட்டிலிருந்து கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் வந்தன. ஒரே நாளில் இரண்டு கான்தான் முடிந்தது.

ஜனவரி 18, சனி

மூன்றாவதும் முடிந்தது. தோள்பட்டை வலி.

ஜனவரி 19, ஞாயிறு

வேலைக்கு இன்று ஓய்வு. லாங்வுட் சோலைக்குப் போனோம். காப்புக்காடு, உள்ளே சைக்கிள் கிடையாது. வெளியே பூட்டிவிட்டு நடந்தோம். ஊரை ஒட்டி வெறும் 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. காட்டை ஈரநிலம் என்பதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். உள்ளே நடந்தால் அந்தக் கேள்வியே வராது. காலடியில் இலை மக்கி மெத்தை மாதிரி அமுங்குகிறது. பாசி படர்ந்த மரம், வேர், மண் எல்லாமே நனைந்த கம்பளி போலத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கின்றன. மழை நின்று ஒரு மாதம் ஆகியும் உள்ளே ஓடை சலசலக்கிறது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் இங்கிருந்துதான்.

நம் பள்ளத்தில் மழை கால் மணி நேரத்தில் ஓடி முடிந்தது. அதே மழை, இதே மலை.

சைக்கிள் ஓட்டுகிறவர்களில் சிலர் இந்தச் சோலைக்குள்ளும் வழி திறக்க வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் உறுதியான எண்ணம். தேயிலைக்குள், ஊர்ப் பாதைகளில், பழைய மண் ரோட்டில் எங்களுக்கு இடம் போதும்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடநாடு காட்சிமுனை வரை, போக வர முப்பத்தாறு கிலோமீட்டர். பெரும்பாலும் தார் ரோடு. விடியுமுன் கிளம்பியதால் கையுறைக்குள்ளும் விரல் மரத்தது. போகிற வழியில் தேயிலைக்குள் காட்டெருமைகள், ஐந்தாறு இருக்கும். செடிக்கு மேலே முதுகு மட்டும் கறுப்பாக நகர்ந்தது. ஒன்று மட்டும் ரோட்டோரம் நின்றது. நாங்கள் இறங்கி, சைக்கிளை முன்னால் பிடித்துக்கொண்டு, பேசாமல் நின்றோம். மணி அடிக்கக் கூடாது, சுற்றிப்போகவும் முயலக் கூடாது. இருபது நிமிடம் கழித்து அதுவே ஏறிப்போனது.

முனையில் நின்றால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். ஆறு வளைந்து வளைந்து பவானிசாகர் நீர்ப்பரப்பை நோக்கிப் போகிறது, இந்தப் பக்கம் தெங்குமரஹாடா. "அங்க மட்டும் ஒரு டிரெயில் இருந்தா..." என்றான் அண்ணன் மகன். முதுமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகம். பார்க்க மட்டும்தான். அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நான்காவது கானும் முடிந்தது. பள்ளத்தைக் கல்லும் மண்ணுமாக நிரப்பி மிதித்து இறுக்கியாயிற்று. வேர் தொங்கிய செடிக்கு மண் அணைத்தோம்.

முதல் ஓட்டம். டயரில் காற்றை 24 பிஎஸ்ஐக்குக் குறைத்தேன். பெடல் இரண்டும் சமமாக, முழங்கால் தளர்வாக, குதிகால் தாழ, பார்வை வளைவின் கடைசியில். வேகத்தை நேர் வழியிலேயே முன் பிரேக்கில் ஒற்றை விரலால் குறைத்துக்கொண்டு, வளைவில் இரண்டையும் விட்டுவிட்டேன். முதல் குழிவில் சைக்கிள் இறங்கி எழுந்தபோது வயிறு லேசாக மிதந்தது. இரண்டாவது, மூன்றாவது. குலுங்கும் என்று நான் மூடிய இடம்தான் இப்போது இந்தப் பாதையிலேயே அழகான இடம்.

திரும்பிப் பார்த்தேன். டயர் அச்சு இருந்தது, சுரண்டல் இல்லை.

பிப்ரவரி 15, சனி

கோவை நண்பர்கள் மறுபடி வரலாமா என்று கேட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர், இலை எடுக்கிற நேரத்தில் கிடையாது, முதல் தடவை வருகிறவர் பாதி நாள் மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்றேன். இருவர் சரி என்றார்கள்.

ஏப்ரல் 5, சனி

ராத்திரி கோடை மழை. ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தில் தூக்கம் போய்விட்டது. விடிந்தும் தூறல். சைக்கிளை எடுக்கவில்லை. குடையும் செருப்புமாக இறங்கினேன். பெரியவர் எனக்கு முன்பே வந்து இரண்டாவது கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் பாதையில் விரல் தடிமனுக்கு வந்துகொண்டிருந்தது. குழிவுக்கு வந்ததும் ஒரு கணம் தேங்கி, சுற்றி, கல் வாய் வழியாகத் தேயிலைக்குள் இறங்கியது. கலங்கல்கூட அதிகம் இல்லை. மூன்றாவது கானில் மட்டும் சில்வர் ஓக் சருகு அடைத்துக்கொண்டு தண்ணீர் வழிந்து தாண்டப் பார்த்தது. பெரியவர் குனிந்து சருகை அள்ளி வெளியே போட்டார். தண்ணீர் திரும்பியது.

காலை வேலைக்கு இறங்கி வந்த அக்கா, கூடையைச் சரிசெய்துகொண்டு குழிவில் இறங்கி ஏறி, எங்களைத் தாண்டிப் போனார்.