பெயரை மாற்றினாலும் பொருந்துகிற விடை

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாவது செமஸ்டரில் எங்களுக்கு ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தாள் இருந்தது. முதல் இன்டர்னலில் நான் வாங்கியது 25-க்கு 9. டோனி மாரிசன் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அதன் கீழே மேடம் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "மாரிசனை அடித்துவிட்டு ஆலிஸ் வாக்கர் என்று எழுதினாலும் இந்த விடை பொருந்தும்."

கோபம்தான் வந்தது. ஹாஸ்டலுக்கு வந்து பென்சிலால் பெயரை மாற்றிப் படித்துப் பார்த்தேன். பொருந்தியது. மாயா ஏஞ்சலோ என்று போட்டாலும் பொருந்தியது.

காரணம் எளிது. சீனியர் ஒருவரிடம் வாங்கிய ஜெராக்ஸ் நோட்ஸில் எல்லா எழுத்தாளருக்கும் அதே ஐந்து சொற்கள்: அடிமைத்தனம், இனவெறி, அடையாளம், வலி, எதிர்ப்பு. அவற்றை வரிசை மாற்றி மாற்றி எழுதினால் எந்தக் கேள்விக்கும் விடை தயார். அடுத்த இன்டர்னலுக்கும் பிறகு நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதி) தேர்வுக்கும் எப்படிப் படித்தேன் என்பதை இதே தாளை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் மாரிசனின் 'பிலவட்' நாவலைத் திரும்ப எடுத்தேன். திரும்ப என்ன திரும்ப, முதல் தடவை கதைச்சுருக்கம்தான் படித்திருந்தேன். 1987-இல் வந்த நாவல், 1988-இல் புலிட்சர் பரிசு, இதெல்லாம் தெரியும். ஆனால் முதல் வாக்கியத்திலேயே 124 என்று ஒரு எண் வருவது தெரியாது. அது ஒஹையோவின் சின்சினாட்டியில், அடிமை வாழ்விலிருந்து தப்பி வந்த சேதே குடியிருக்கும் வீட்டின் கதவு எண். அந்த வீட்டுக்கு வன்மம் இருக்கிறது என்று கதை தொடங்குகிறது. இரண்டாம் பாகம் அந்த வீட்டின் இரைச்சலோடும் மூன்றாம் பாகம் அதன் அமைதியோடும் தொடங்கும். சேதேவுக்கு நான்கு பிள்ளைகள், மூன்றாவது குழந்தைதான் இறந்தது. 1, 2, 4 என்ற வரிசையில் 3 இல்லை. இதைக் கவனித்தபோது நடு இரவு; அறைத்தோழியை எழுப்பிச் சொல்லித் திட்டு வாங்கினேன்.

அதே நாவலில் இன்னொரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒஹையோ அடிமை முறை இல்லாத மாநிலம். கென்டக்கியிலிருந்து ஆற்றைத் தாண்டி அங்கே வந்துவிட்ட பிறகு சேதே ஏன் பயப்பட வேண்டும்? நோட்ஸில் பதில் இல்லை. 1850-இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. சுதந்திர மாநிலத்துக்குள் வந்தும் பிடித்துக்கொண்டு போகலாம், உள்ளூர் அதிகாரிகள் அதற்கு உதவவும் வேண்டும். 1856-இல் மார்கரெட் கார்னர் என்ற பெண் அப்படித்தான் உறைந்துகிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து வந்தார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, அடிமையாகத் திரும்பப் போக வேண்டாம் என்று தன் சின்ன மகளைக் கொன்றார். மாரிசன் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் எடிட்டராக இருந்தபோது 'தி பிளாக் புக்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார், 1974-இல். அந்த வேலையில்தான் 'பிலவட்'டுக்கு விதையான இந்தச் செய்தி அவர் கண்ணில் பட்டது. ஒரு சட்டம், ஒரு செய்தித்தாள் துணுக்கு, ஒரு கதவு எண். இந்த மூன்றையும் வைத்து எழுதிய விடையில் யார் பெயரையும் மாற்றிப் போட முடியவில்லை. அந்தத் தடவை 19.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம். மேலே "எதைப் பற்றி" என்று எழுதுவதில்லை. "எப்படிச் சொல்கிறார்" என்று மட்டும். 2019-இல் மார்கரெட் அட்வுட்டுடன் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட பெர்னார்டின் எவரிஸ்டோவின் 'கேர்ள், வுமன், அதர்' நாவலுக்கு நான் எழுதியது: பன்னிரண்டு பேர், முற்றுப்புள்ளி அரிது. ஒருத்தியின் வாழ்க்கை இன்னொருத்தியின் வாழ்க்கைக்குள் வழிந்தோடுவதற்கு அந்தப் புள்ளியில்லாத வரிகள் எப்படி இடம் கொடுக்கின்றன என்பதை வைத்தே ஒரு பக்கம் எழுதிவிடலாம்.

கிளாடியா ராங்கினின் 'சிட்டிசன்' (2014) பக்கத்தில் எழுதியது ஒரே சொல்: யூ. புத்தகத்தின் பெரும்பகுதி 'நான்' என்று பேசாது. அன்றாட வாழ்க்கையில் நடக்கும் சின்னச் சின்ன அவமதிப்புகள் எல்லாம் உனக்கே நடந்ததாக எழுதப்பட்டிருக்கும். இதை மனதுக்குள் தமிழாக்கிப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. நீயா, நீங்களா? 'நீங்கள்' என்று போட்டால் அவமதிப்பின் கூர்மை குறைகிறது. 'நீ' என்று போட்டால் எழுதுகிறவரே என்னை மட்டம் தட்டுவதுபோல் கேட்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு வேலை செய்கிறது. இதைத் தேர்வில் எழுதவில்லை. ஆனால் வைவாவில் சொன்னேன், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அந்தப் புத்தகத்தில் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரின் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு. மறுபதிப்புகளில் அது நீண்டுகொண்டே போனது. அமெரிக்காவின் தேசியப் புத்தக விமர்சகர் வட்டப் பரிசுக்குக் கவிதை, விமர்சனம் ஆகிய இரண்டு பிரிவிலும் இது இறுதிப் பட்டியலில் இருந்தது. கவிதையா கட்டுரையா என்று யாராவது கேட்டால் இந்தத் தகவல் கைகொடுக்கும்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்ய என்னால் முடியாது. அதனால் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சங்கிலியாகப் படித்தேன். லாங்ஸ்டன் ஹியூஸின் 'ஹார்லெம்' கவிதை 1951. அதிலிருந்து ஒரு சொற்றொடரை எடுத்து லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரி தன் நாடகத்துக்குப் பெயர் வைக்கிறார், 'எ ரெய்சின் இன் தி சன்', 1959. பால் லாரன்ஸ் டன்பரின் கவிதையில் வரும் கூண்டுப் பறவை மாயா ஏஞ்சலோவின் 1969 தன்வரலாற்றுக்குத் தலைப்பாகிறது. டா-நஹாசி கோட்ஸ் 2015-இல் தன் மகனுக்குக் கடிதமாக எழுதிய 'பிட்வீன் தி வேர்ல்ட் அண்ட் மீ', தலைப்பை ரிச்சர்ட் ரைட்டின் கவிதையிலிருந்து எடுத்தது. கடித வடிவத்துக்கு முன்னோடி ஜேம்ஸ் பால்ட்வின். 'தி ஃபயர் நெக்ஸ்ட் டைம்' (1963) நூலில் அவர் தன் தம்பி மகனுக்குக் கடிதம் எழுதியிருப்பார். (கோட்ஸின் பெயரை வைவாவில் 'டா நெகிசி' என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன்.)

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கிலி வாக்கரும் ஸோரா நீல் ஹர்ஸ்டனும். 1937-இல் 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' எழுதிய ஹர்ஸ்டன் 1960-இல் வறுமையில் இறந்தார். புளோரிடாவில் ஃபோர்ட் பியர்ஸ் என்ற ஊரில், கல் கூட இல்லாத குழியில் அடக்கம். 1973-இல் ஆலிஸ் வாக்கர் அங்கே போகிறார். ஊர்க்காரர்களிடம் தான் ஹர்ஸ்டனின் மருமகள் முறை என்று பொய் சொல்லி, ஆளுயரப் புல் மண்டிய இடுகாட்டில் தேடி, ஒரு இடத்தில் கல் நாட்டிவிட்டு வருகிறார். 1975-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். அதன் பிறகுதான் ஹர்ஸ்டனின் நாவல்கள் மறுபடி அச்சுக்கும் பாடத்திட்டத்துக்கும் வந்தன. 1982-இல் வந்த வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' நாவலில் சீலி ஏன் பேச்சு வழக்கிலேயே கடவுளுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்பதற்குப் பாதி விடை அந்தப் பயணத்தில் இருக்கிறது. பேச்சு மொழியை நாவலின் மொழியாக்கும் தைரியத்தை ஹர்ஸ்டன் ஏற்கெனவே காட்டியிருந்தார்.

அந்தப் பேச்சு வழக்கு பலரைப் பயமுறுத்தும். இலக்கணம் தப்பாக இருக்கிறதே என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் புத்தகத்தை மூடிவிட்டார்கள். வாய்விட்டுப் படியுங்கள். வட்டார வழக்கில் எழுதிய தமிழ்க் கதையை வேற்றூர்க்காரர் படிக்கிற மாதிரிதான், பத்துப் பக்கத்தில் காது பழகிவிடும். பழகிய பிறகு பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' (2024) எடுத்தால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. மார்க் ட்வெய்னின் ஹக்கிள்பெரி ஃபின் கதையை அடிமை ஜிம் சொல்கிறான். அவன் எழுதப் படிக்கத் தெரிந்தவன். தங்களுக்குள் செம்மையான ஆங்கிலம் பேசுகிற அடிமைகள், வெள்ளையர் முன்னால் மட்டும் வேண்டுமென்றே 'அடிமை ஆங்கிலம்' பேசுகிறார்கள். பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகவே நடத்துகிறார்கள்.

எவரெட்டின் பழைய நாவல் 'இரேஷர்' (2001) பற்றியும் சொல்ல வேண்டும். அதில் மங்க் என்ற கறுப்பின எழுத்தாளருக்குப் பதிப்பாளர்களிடம் மரியாதை இல்லை, அவர் எழுத்தில் 'போதுமான கறுப்பு' இல்லையாம். எரிச்சலில் அவர்கள் எதிர்பார்க்கும் துப்பாக்கி, சேரி, கெட்ட வார்த்தை எல்லாம் கலந்து கேலியாக ஒன்று எழுதி அனுப்புகிறார். அது அமோகமாக விற்கிறது. படிக்கும்போது என்னுடைய 9 மதிப்பெண் விடைத்தாள்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பதிப்பாளர்களும் நானும் ஒரே ஐந்து சொற்களைத்தான் தேடியிருக்கிறோம்.

இனி ஒரு பெரிய தவறு. கறுப்பின எழுத்தாளர் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது. சிமமாண்டா என்கோசி அடிச்சியை ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர் என்று எழுதி வைத்தேன். அவர் நைஜீரியர். 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரைப் பற்றியது. 'அமெரிக்கானா' (2013) நாவலின் மையமே இந்த வேறுபாடுதான். இஃபெமெலு நைஜீரியாவில் இருந்தவரை தன்னைக் கறுப்பினத்தவள் என்று நினைத்ததில்லை, அமெரிக்காவில் இறங்கிய பிறகுதான் அப்படி ஆகிறாள். முடி பின்னிக்கொள்ள பிரின்ஸ்டனில் கடை கிடைக்காமல் டிரென்டனுக்கு ரயிலேறும் காட்சியில் கதை தொடங்குவதைக் கவனியுங்கள். அப்துல்ரசாக் குர்னா வேறு உலகம். 1948-இல் சான்சிபாரில் பிறந்து, இளம் வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். அவருடைய 'பாரடைஸ்' (1994) நாவலில் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை, சுவாஹிலி, அரபு வணிகர்கள், இந்திய வணிகர்கள், ஜெர்மானிய ஆட்சி எல்லாம் வரும். அங்கே போய் மிசிசிப்பிப் பருத்தித் தோட்டத்தைத் தேடக் கூடாது.

நெட் பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண், தப்புக்குக் கழிவு கிடையாது. வரிசைப்படுத்து, பொருத்துக வகைக் கேள்விகளில்தான் விழுவோம். 'முதல்' என்ற சொல்லைக் கண்டால் நிதானியுங்கள். புலிட்சர் வாங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் குவெண்டலின் புரூக்ஸ், 1950, கவிதைக்கு. புனைகதைக்கு முதலில் வாங்கியவர் ஜேம்ஸ் ஆலன் மெக்ஃபர்சன், 1978. புனைகதைக்கு வாங்கிய முதல் கறுப்பினப் பெண் வாக்கர், 1983. நாடகத்துக்கு வாங்கிய முதல் கறுப்பினப் பெண் சூசன்-லோரி பார்க்ஸ், 2002. நான்கையும் ஒரே கேள்வியின் நான்கு விடைகளாகப் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நோபலில் டெரெக் வால்காட் 1992, மாரிசன் 1993, அடுத்தடுத்து வருவதால் நினைவில் நிற்கும். சோயின்கா 1986, குர்னா 2021. கோல்சன் வைட்ஹெட்டுக்குப் புலிட்சர் இரண்டு முறை, 2017, 2020. 2017-இல் பரிசு பெற்ற 'தி அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' நாவலில் நிலத்தடி ரயில் நிஜமாகவே தண்டவாளத்தோடு ஓடும். வரலாற்றில் அது அடிமைகளைத் தப்பவைத்த ஆட்களின் இரகசிய வலைப்பின்னலுக்கு வைத்த பெயர். ஆகஸ்ட் வில்சனின் பத்து நாடகங்களில் ஒன்பது பிட்ஸ்பர்க்கில் நடக்கும், 'மா ரெய்னி' மட்டும் சிகாகோ.

எல்லாரும் விடையின் கடைசியில் தலித் இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி போடுவோம். போடலாம், உண்மையான தொடர்பே இருக்கிறது: 1972-இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ், 1966-இல் ஓக்லண்டில் தோன்றிய பிளாக் பேந்தர் கட்சியைப் பார்த்துத்தான் பெயர் வைத்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் "இரண்டும் ஒடுக்கப்பட்டோர் குரல்" என்று முடித்தால் மறுபடியும் சிவப்பு மைதான். பழைய கைடுகளில் 'நீக்ரோ எழுத்தாளர்' என்று இருக்கும், அதை அப்படியே எழுதாதீர்கள்.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் படிக்க முயல வேண்டாம். 'பிலவட்' முதல் ஐம்பது பக்கம், 'தி கலர் பர்ப்பிள்' முழுவதும், 'சிட்டிசன்' ஒரு மதியம், பால்ட்வினின் அந்தக் கடிதம் ஒரு அரை மணி நேரம். ஜெஸ்மின் வார்டின் 'சால்வேஜ் தி போன்ஸ்' (2011) எடுத்தால் கத்ரீனா புயல் கரையேறும் அத்தியாயத்தையாவது படியுங்கள். புயல் பார்த்த ஊர்க்காரர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. 'ஜேம்ஸ்' மட்டும் தேர்வு முடிந்த அன்று தொடங்குங்கள். நான் தேர்வுக்கு முந்தைய நாள் தொடங்கி, மறுநாள் காலை தூங்காத கண்ணோடுதான் ஹாலுக்குள் போனேன்.