சுயேச்சை மாமா

ஜனவரி 11

காலையில் கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் மாமா வந்து நின்றார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. "மாப்ளே, இதை டைப் அடிச்சுக் குடு. சட்டமன்றத்துக்கு நிக்கப்போறேன்" என்றார், ஆதார் அட்டைக்கு ரெண்டு ஜெராக்ஸ் போடு என்று சொல்லும் அதே குரலில்.

மாமா என் அம்மாவின் தம்பி. பதினேழு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து, தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி போட்டவர். அதற்காக வாங்கிய தடையில்லாச் சான்றுகளை மட்டும் தனியாக ஒரு மஞ்சள் பையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். "தடை இல்லேன்னு சொல்றதுக்கா இத்தனை தாளு? இல்லேன்னா இல்லேன்னு விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது.

நோட்டில் மொத்தம் 38 வாக்குறுதிகள். எல்லாமே 'எடுப்போம்', 'நீக்குவோம்', 'விட்டுவிடுவோம்' என்கிற மாதிரிதான் முடிகின்றன. 'தருவோம்' என்று ஒன்றுகூட இல்லை. எத்தனையோ தேர்தலுக்கு நோட்டீஸ் டைப் அடித்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஜனவரி 12

தாத்தா சுதந்திராக் கட்சிக்காரர். ராஜாஜி தன் 80 வயதில், 1959ல், காங்கிரஸை எதிர்த்துத் தொடங்கிய கட்சி. 'லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம்' ஒழிய வேண்டும் என்பதுதான் அவர்கள் பேச்சு. 1967ல் தி.மு.க. கூட்டணியில் நின்று சென்னை சட்டமன்றத்தில் 20 இடம், மக்களவையில் மொத்தம் 44 இடம் பிடித்தார்கள். அந்தத் தேர்தலுக்கு எங்கள் பழைய வீட்டுச் சுவரில் தாத்தாவே நீலம் கரைத்து நட்சத்திரச் சின்னம் வரைந்தாராம். 1974ல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. அப்புறம் தாத்தா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பாட்டிக்கே தெரியாது.

1952ல் முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டைத் தூக்கியவர் ராஜாஜி. 1937ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரேதான். அரிசிக்குச் சுதந்திரம், கள்ளுக்குக் கிடையாது. மாமாவிடம் சொன்னேன். "அது அவரோட சொந்த அபிப்பிராயம்" என்றார். சட்டமாகப் போட்ட பிறகு அது எப்படிச் சொந்த அபிப்பிராயம் என்று கேட்க வாய் வந்தது. டீயும் வந்துவிட்டது.

ஜனவரி 14

போகி. வாசலில் பழைய பாய் எரியும் வாசனைக்கு நடுவே கட்சிப் பெயர் பற்றி ஒரு மணி நேரம். 'இராமநாதபுரம் லிபர்டேரியன் கட்சி' என்றார். அரசு தலையிடுவது குறையக் குறைய நல்லது என்கிறவன் லிபர்டேரியன். பதிவு செய்வது எப்படி என்று பார்த்துச் சொன்னேன்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, பதிவுக்கு வரும் கட்சி சோஷலிசக் கொள்கைக்கு விசுவாசமாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். 1989லிருந்து இதுதான் நிலைமை. மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்போ மீன் கடை வைக்கணும்னா முதல்ல சைவம்னு எழுதிக் குடுக்கணும்" என்று எழுந்தார்.

அதனால் சுயேச்சை. யோசித்துப் பார்த்தால் லிபர்டேரியன் என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் அகப்படாது. தாராளவாதம் என்றால் கை தாராளம் என்று நினைத்து வாசலில் வரிசை நிற்கும். சுய இச்சைப்படி நடப்பவன் சுயேச்சை. தேர்தல் ஆணையமே அந்தப் பெயரைப் பல வருஷமாக இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது.

ஜனவரி 16

மாமாவுக்கு முன்மாதிரி அமெரிக்கா. அங்கே 1971ல் தொடங்கிய லிபர்டேரியன் கட்சி சார்பில் மாநிலச் சட்டமன்றத்துக்கு முதலில் ஜெயித்தவர் டிக் ராண்டால்ஃப், 1978, அலாஸ்கா. 1980ல் அந்த மாநிலம் தனிநபர் வருமான வரியையே எடுத்துவிட்டது. மாமா இதைச் சொல்லும்போது கண் மின்னுகிறது. அலாஸ்காவுக்கு எண்ணெய்ப் பணம் கொட்டியது மாமா, நமக்குக் கொட்டுவது சீமைக்கருவேல நெற்றுதான் என்றேன்.

அங்கே மாநில வேட்பாளர்கள் வழக்கமாகச் சொல்வது: முடிவெட்டவும் நகப்பூச்சுப் பூசவும் மாநில உரிமம் கேட்பதை நிறுத்து, பள்ளிக்கூடப் பணத்தைப் பிள்ளையோடு போக விடு, கஞ்சா வைத்திருந்தவனை ஜெயிலில் போடாதே, குற்றம் நிரூபிக்காமல் போலீஸை விட்டுச் சொத்தைப் பறிக்காதே. நோட்டில் பாதி இதன் மொழிபெயர்ப்புதான். இங்கே முடிவெட்ட எவனும் பரீட்சை எழுதச் சொல்வதில்லை. அதை எடுப்போம் என்று எதை எடுப்பது? கோடு போட்டு அடித்துவிட்டேன். கஞ்சாவை மாமாவே அடித்தார், அத்தை பின்னால் நின்றிருந்தாள்.

ஜனவரி 18

தை அமாவாசை. தேவிபட்டினம் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்கு விடிவதற்கு முன்பே கூட்டம். எள், பச்சரிசி, வாழைப்பழம் விற்கும் தள்ளுவண்டிகளை மூன்று தடவை இடம் மாற்றினார்கள். பூ விற்கும் அக்கா என் கடையில் வந்து உட்கார்ந்து, ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தை விரல் விட்டு எண்ணினாள். யாருக்குக் கொடுத்தாள் என்று நான் எழுதப்போவதில்லை.

2014லேயே தெருவோர வியாபாரிகளுக்கென்று மத்திய சட்டம் வந்துவிட்டது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் கிளப்பக் கூடாது, விற்பனைக் குழுவில் ஐந்தில் இரண்டு பங்காவது வியாபாரிகளே இருக்க வேண்டும். ஆனால் அது நகர எல்லைக்குள்தான். இது நோட்டில் இல்லை. 'தள்ளுவண்டி, கிராமத்துக்கும்' என்று நானே பென்சிலில் எழுதி வைத்தேன்.

ஜனவரி 21

இன்று முழுக்க அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை. எம்.எல்.ஏ. கையில் எது இருக்கிறது, டெல்லி கையில் எது இருக்கிறது என்று சிவப்பு மையால் பிரித்தோம். வருமான வரி போச்சு, சுங்கம் போச்சு. விற்பனை வரியில் பெரும்பகுதி 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு போச்சு, பெட்ரோல், டீசல், மது மாதிரி சிலதுதான் மிச்சம். கடலடியில் ஊரும் கடல் அட்டையை 2001லிருந்து புலிக்குச் சமமாக வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள், அதையும் சென்னையில் உட்கார்ந்து எடுக்க முடியாது. இந்தக் கரையில் அட்டைக்காகக் கோர்ட்டுக்கு அலைகிறவர்கள் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அடிக்கத்தான் வேண்டியிருந்தது.

உப்பும் மத்தியப் பட்டியல். "சரி, வாலிநோக்கத்துல உப்பு விளைவிக்கிற கம்பெனி மாநில அரசோடதுதானே, அதை வித்துரலாம்" என்றார் மாமா. 1974ல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம். மாமாவின் பெரியப்பா மகன் அங்கேதான் வேலை பார்க்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை, மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அது அடுத்த எலக்சனுக்கு" என்று கோடு போட்டார்.

38ல் இப்போது 11.

ஜனவரி 26

கிராம சபை. மாமா எழுந்து ஆறு நிமிஷம் பேசினார். உரிமம், அனுமதி, அரசின் எல்லை. கூட்டம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருக்கிற புறம்போக்கில் வீடு கட்டி மூணு தலைமுறையாக இருப்பவர்களுக்குப் பட்டா கொடுக்கணும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அவ்வளவுதான், பொம்பளைகள் பக்கம் எழுந்து நின்றது. பட்டா இல்லாமல் பேங்க் கடன் இல்லை, பிரித்துக் கொடுக்க முடியவில்லை, விற்க முடியவில்லை, புயலுக்குச் சுவர் விழுந்தால் எடுத்துக் கட்டவும் பயம். ஒரு பாட்டி பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்திருந்த வீட்டு வரி ரசீதுகளைக் கொண்டுவந்து மாமா மடியில் வைத்தாள். ஓரமெல்லாம் செல்லரித்த ரசீது.

1978ல் அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்துவிட்டது, இப்போது 300ஏ பிரிவில் வெறும் சட்ட உரிமையாக இருக்கிறது என்று மாமா நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டிக்கு ஒன்றரைப் பக்கம் தேவைப்படவில்லை. நிலம் மாநிலப் பட்டியல். இது முதல் வாக்குறுதி ஆகிறது.

ஜனவரி 29

விடியற்காலையில் கரைக்குப் போனோம். வாடை இன்னும் விடவில்லை. நாட்டுப்படகு அண்ணன் ஒருவர் நண்டு வலையை மடியில் போட்டுச் சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தார். நீல நண்டின் கொடுக்கை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, காலைப் பின்பக்கமாக மடக்கி, ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு நழுவவிடுகிறார். கால் ஒடிந்தால் விலை ஒடியும்.

நோட்டில் 9ஆவது வாக்குறுதி: 'கடலில் அரசுக் கட்டுப்பாடுகள் நீக்கப்படும்.' மாமா அதைப் படித்தார். அண்ணன் வேலையை நிறுத்தவில்லை.

"நீக்கிட்டா ரெண்டு விசைப்படகு சேந்து ஒரே வலையை இழுக்குற இரட்டைமடிக்காரன் வந்து அடியோட வழிச்சுட்டுப் போவான். நீங்க ஐஸ் யாருக்குப் போடுவீங்க?"

மாமா விடவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், சட்டம், அபராதம் எல்லாம் எதற்கு, மீனவனுக்குத் தெரியாதா என்றார்.

"தடைக்காலம் விசைப்படகுக்கு, எங்களுக்கு இல்ல. வாரத்துல அவங்களுக்கு மூணு நாள், எங்களுக்கு நாலு நாள். அது ஆபீஸ்ல பொறந்ததா? வலையை அறுத்து, படகை எரிச்சு, அடிதடிக்கு அப்புறம் உக்காந்து பேசி வச்சது. எங்களுக்கு ஒழுங்கு வேணும்ணே. ஒழுங்கு போடுறப்ப எங்களைக் கேக்கணும், அவ்ளோதான்."

திரும்பி வரும்போது மாமாவிடம் எலினார் ஆஸ்ட்ரம் பற்றிச் சொன்னேன். பொருளாதார நோபல் பரிசு வாங்கிய முதல் பெண், 2009. பொதுக் கடல், பொது மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், இதையெல்லாம் சர்க்கார்தான் காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குப் பட்டா போட வேண்டும் என்று இரண்டே வழி சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம், அனுபவிக்கிறவர்களே விதி வைத்து, கண்காணித்து, மீறினவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்டனையைக் கூட்டி நூற்றாண்டுக் கணக்கில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள் என்று ஊர் ஊராக எடுத்துக்காட்டியவர். மாமா வண்டியை நிறுத்தி, "இந்தம்மா நம்ம கட்சியா?" என்றார். அந்தம்மா எந்தக் கட்சியும் இல்லை மாமா, நண்டு வலை அண்ணன் கட்சி. 9ஆவது வாக்குறுதியை இப்படி மாற்றினேன்: 'கடல் விதிகள் எதுவும் கரையிலுள்ளவர்களைக் கேட்காமல் போடப்படாது, மாற்றப்படாது.' மாமாவுக்கு அரை மனசுதான்.

பிப்ரவரி 1

மனைவியின் ஊர் சாயல்குடி. கருப்பட்டி வாங்கப் போன சாக்கில் மாமாவும் வந்தார். மாமனாருக்குத் தெரிந்த பனையேறி ஒருவர், எழுபது வயசிருக்கும், கலயத்தின் உள்பக்கம் விரலால் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லையென்றால் கள். சட்டம் அந்த ஒரு விரல் சுண்ணாம்பில் நிற்கிறது. போலீஸ் வந்தால் கலயத்தை மோந்து பார்ப்பார்களாம்.

தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் 1987 ஜனவரி 1 முதல் தடை. டாஸ்மாக் 1983ல் வந்தது, 2003லிருந்து சில்லறை விற்பனையும் அதனிடம்தான். 2023-24ல் மதுவால் அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். கேரளாவில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இங்கே பாட்டிலில் அடைத்து அரசே விற்றால் வருமானம், மரத்திலிருந்து இறக்கி அவர் விற்றால் குற்றம். பனையைக் கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலிருந்து ஒரு ஏற்பாடு. மரத்தைக் காப்பாற்றத்தான், அதில் எனக்கு விரோதமில்லை. ஆனால் கள் இறக்கக் கூடாது, வெட்டவும் கூடாது என்றால் பனை யாருடையது? மாமாவின் நோட்டிலேயே எனக்கு மறுபேச்சில்லாமல் பிடித்தது இந்தப் பக்கம்தான். மதுபானம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, எம்.எல்.ஏ. கேட்கலாம்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுதுங்க. எம் பேரை மட்டும் போட்டுறாதீக" என்றார்.

பிப்ரவரி 3

வீட்டில் சண்டை. 4ஆவது வாக்குறுதி 'இலவசங்கள் நிறுத்தப்படும்'. மனைவிக்கு 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் வருகிறது. "உங்க மாமாவுக்கு நான் ஓட்டுப் போடணும்னா அந்த வரி இருக்கக் கூடாது." மாமாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனே 1962ல் ஏழைக்குப் பொருளாகக் கொடுக்காதே, பணமாகக் கையில் கொடு, என்ன வாங்குவது என்று அவனுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாராம். "மிக்சி, கிரைண்டர் குடுக்குறதுதான் தப்பு. ஆயிரம் ரூபா இருக்கட்டும்." கொள்கையா, ஓட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. மனைவி, "யாரோ வெள்ளைக்காரருக்கு இருக்குற புத்தி" என்று சட்னி அரைக்கப் போனாள். மிக்சி 2011ல் அரசு கொடுத்தது.

பிப்ரவரி 6

ஒரே பக்கம். பட்டா, பனை, தள்ளுவண்டி, கடல் விதி. அப்புறம் எந்தச் சான்றுக்கும் கெடு, கெடு தாண்டினால் அதிகாரிக்கு அபராதம், மத்தியப் பிரதேசம் 2010ல் சட்டமாக்கியது போல. கடைசியாக மஞ்சள் பை பற்றி மாமா கெஞ்சிக் கேட்டுச் சேர்த்த ஒரு வரி. முதல் தவணை 200 பிரதி அடித்தேன், பேப்பர் காசு மட்டும் வாங்கினேன்.

டெபாசிட் 10,000 ரூபாய், ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் திரும்பாது. அது மாமாவுக்குக் கவலை இல்லை. சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், அதுதான் கவலை. டீக்கடையில் தலையாட்டுகிற ஐம்பது பேரில் கையெழுத்துக்கு ஒன்பது பேர்தான் தேறினார்கள். நண்டு வலை அண்ணன் உண்டு. பூக்கார அக்கா உண்டு. வீட்டு வரி ரசீதுப் பாட்டி கைநாட்டு வைக்கிறேன் என்றிருக்கிறாள்.

பத்தாவது நான். "முதல்ல உங்க பேரு லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க" என்றாள் மனைவி. பார்த்தேன். இருக்கிறது, அப்பா பெயரில் ஒரு எழுத்துத் தப்பாக. திருத்தத்துக்குப் படிவம் 8. ராத்திரி கடையை மறுபடி திறந்து நானே நிரப்பினேன், ஆதார் ஜெராக்ஸ் ஒன்று இணைத்து.